பதக்கத்துக்கு ஓர் அரிசி மூட்டை: வழக்குப் போட முடியுமா?

பினாங்கு பிறை பக்கத்திலிருந்து 26 வயதுத் தம்பி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் வேலையிடம், பதக்கத்தின் நிறம், ஆண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பிறவியிலேயே அவருக்கு இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பகலில் தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை, மாலையில் 400 மீட்டர் பயிற்சி. மாற்றுத்திறனாளிகளுக்கான மலேசிய விளையாட்டுப் போட்டியான பாரா சுக்மாவில் பதக்கம் வாங்கியிருக்கிறார். ஊர் திரும்பியதும் உள்ளூர் சங்கம் ஒன்று பாராட்டு விழா நடத்தியது. பொதுப் போட்டியான சுக்மாவில் ஓடிய இன்னொரு பையனை மேடைக்கு அழைத்து, எந்தப் போட்டி, எத்தனை வினாடி என்றெல்லாம் அறிவித்துக் கேடயமும் ரொக்கமும் கொடுத்தார்கள். இவர் முறை வந்தபோது அறிவிப்பாளர் சொன்னது, "குறையை வென்ற நம்ம தம்பி" என்று மட்டும்தான். கையில் கொடுத்தது பத்துக் கிலோ அரிசி மூட்டை, ஒரு பிஸ்கட் டின். ஒற்றைக் கையில் இரண்டையும் வாங்க முடியாமல் அவர் தடுமாற, கீழே உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

அப்புறம் ஒரு விளையாட்டு அமைப்பு ஊக்கத்தொகை கொடுத்தது. சுக்மா பதக்கத்துக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் பாரா சுக்மா பதக்கத்துக்கு. போதாததற்கு, போன மாதம் ஒரு திறந்த ஓட்டப்போட்டியில் தன் வகையின் தேசிய சாதனையைவிட வேகமாக ஓடியும் அதைப் பதிவு செய்ய யாரும் தயாராக இல்லை என்கிறார். "அக்கா, ஒலிம்பிக்கும் பாராலிம்பிக்கும் ஒன்று என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டதே. ஓகேயு (மாற்றுத்திறனாளி) சட்டத்தில் வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம்தானே? இல்லையென்றால் எல்லார் பெயரையும் போட்டு முகநூலில் எழுதிவிடுவேன்" என்று முடித்திருக்கிறார். கையெழுத்துக்குக் கீழே, பின்குறிப்பாக, இரண்டு வரி: மாநிலத்துக்குப் பந்து விளையாடப் போன சக ஊழியருக்குக் கம்பெனி சம்பளத்தோடு லீவு கொடுத்தது, என் லீவை மட்டும் ஆண்டு விடுப்பில் கழித்துக்கொண்டார்கள்.

தம்பி, முதலில் அந்த அரிசி மூட்டையைப் பற்றிப் பேசிவிடுவோம். அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. ஆனால் நீங்கள் பட்ட வலி நியாயமானது, "நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள்" என்று யாராவது சொன்னால் அதைக் கேட்டு நீங்கள் சமாதானம் ஆக வேண்டியதில்லை. தேவைப்படுகிறவருக்கு அரிசி கொடுப்பது நல்ல காரியம். ஓடி ஜெயித்தவருக்கு அதையே கொடுத்தால், அவர் ஓடியதை யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கூட்டத்தில் உங்கள் நேரம் என்ன என்று ஒருவருக்காவது தெரியுமா? அறிவிப்பாளர் கையில் அந்த எண் இருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்காது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

நம் மறதி பெரிய மறதி. சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். 2020-ல் இந்தியா தன் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவைக் கொடுத்தது. மலேசியாவுக்காகப் பாராலிம்பிக் பளுதூக்கலில் பதக்கம் வென்ற மாரியப்பன் பெருமாளை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் நம் ஊர்க்காரர். ஒலிம்பிக்கில் இன்றுவரை மலேசியா ஒரு தங்கம்கூட வாங்கவில்லை. பாராலிம்பிக்கில் ரியோவில் மூன்று, டோக்கியோவில் மூன்று, பாரிஸில் இரண்டு என்று எட்டுத் தங்கம் வந்திருக்கிறது. அந்த எட்டும் எந்தப் போட்டிகளில் வந்தன என்று ஒரு தமிழ் நிகழ்ச்சி மேடையில் கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

2016-ல் வந்தது சட்டம் அல்ல

ரியோவில் ரிட்சுவான் புசி பெருமூளை வாதம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான 100 மீட்டர் டி36 பிரிவில் ஓடி, நாட்டுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். சியாட் சுல்கிப்லி குண்டு எறிதலில், லத்திப் ரொம்லி நீளம் தாண்டுதலில் தொடர்ந்தார்கள். அந்த உற்சாகத்தில்தான், பாராலிம்பிக் பதக்கத்துக்கும் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் ஒரே பரிசு என்று அப்போதைய இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சர் கைரி ஜமாலுடின் அறிவித்தார். தங்கத்துக்குப் பத்து லட்சம் ரிங்கிட். நல்ல முடிவு. இந்த வட்டாரத்தில் பல நாடுகள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

ஆனால் அது தேசிய விளையாட்டு மன்றத்தின் 'ஷாகாம்' என்ற பரிசுத் திட்டத்தில் வந்த மாற்றம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. எல்லாப் போட்டிக்கும் பொருந்துகிற விதியும் அல்ல. அனைத்துலக அரங்கில் நாட்டுக்காக வெல்லும் பதக்கத்துக்கு அது. உள்நாட்டுப் போட்டிகளுக்கு மாநிலமோ, விளையாட்டு அமைப்போ, தனியார் புரவலரோ கொடுக்கும் தொகை அவரவர் தீர்மானம். உங்களுக்குக் கொடுத்த மூன்றில் ஒரு பங்கு நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். சட்டவிரோதமா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: தேசிய விளையாட்டு விருதில் பாராலிம்பிக் வீரருக்குத் தனிப் பிரிவு வைத்திருப்பதே ஒதுக்கிவைப்பதுதான் என்று. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி விருது இருக்கிறது, யாரும் அதை ஒதுக்கல் என்பதில்லை. தனிப் பிரிவு இருக்கலாம். மேடை ஒன்றாக இருக்கிறதா, அறிவிப்பு ஒரே மாதிரி இருக்கிறதா, பரிசு சமமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். காமன்வெல்த் போட்டியில் 2002 மான்செஸ்டரிலிருந்து பாரா பதக்கங்களும் அதே பதக்கப் பட்டியலில்தான் சேர்கின்றன. 2022-ல் பர்மிங்ஹாமில் பாரா பளுதூக்கலில் போன்னி புன்யாவ் குஸ்தின் தூக்கிய தங்கம் மலேசியாவின் மொத்தக் கணக்கில் ஒரு தங்கம், அவ்வளவுதான். நீங்கள் கேட்க வேண்டியது அந்த மாதிரி கணக்கை.

ஓகேயு அட்டை வேறு, கிளாஸ் வேறு

உங்கள் சாதனையை யாரும் "மறுக்கவில்லை" தம்பி. பதிவு செய்வதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. கோபப்படாமல் கேளுங்கள்.

சமூகநல இலாகா கொடுக்கும் ஓகேயு அட்டை, கேட்கும் திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை என ஏழு பிரிவுகளைக் கொண்டது. உதவித்தொகை, சலுகை, வேலை இவற்றுக்கான அட்டை அது. விளையாட்டில் உங்கள் இடத்தைத் தீர்மானிப்பது கிளாசிபிகேஷன். பயிற்சி பெற்ற வகைப்படுத்துநர்கள் உங்களைப் பரிசோதித்து ஒரு வகை எண் கொடுப்பார்கள். கை குறைபாடுள்ள ஓட்டக்காரர்களுக்கு டி45 முதல் டி47 வரை. ஒரு கை முழங்கைக்குக் கீழே இல்லாதவர் பெரும்பாலும் டி47-ல் வருவார். அந்த எண்ணோடு, 'புதியது', 'மறுபரிசீலனை', 'உறுதி' என்று ஒரு நிலையும் இருக்கும். பாரா சுக்மாவுக்கு முன் உங்களைப் பரிசோதித்த தாள் எங்கே இருக்கிறது, அதில் எந்த நிலை என்று போட்டிருக்கிறது? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் வேகமாக ஓடிய போட்டி, ஒரு கிளப் நடத்திய திறந்த ஓட்டம். கைக்கடிகாரத்தில் நேரம் எடுத்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சாதனையாக ஏற்க வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட போட்டியாக இருக்க வேண்டும், மின்னணுக் கருவியில் நேரம் பதிவாகியிருக்க வேண்டும், ஓடும் நாளில் உங்கள் வகை பதிவில் இருக்க வேண்டும். 400 மீட்டருக்குக் காற்றின் வேகம் பார்ப்பதில்லை, அதனால் அந்த ஒரு தொல்லை உங்களுக்கு இல்லை. மற்ற மூன்றும் கட்டாயம்.

இது உங்களுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல. டோக்கியோவில் சியாட் சுல்கிப்லி, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான எஃப்20 குண்டு எறிதலில் தங்கத்துக்குப் போதுமான தூரம் எறிந்தார். போட்டிக்கு முன் வந்து பதிய வேண்டிய அழைப்பறைக்குத் தாமதமாக வந்தார் என்று எதிரணி முறையிட்டது. முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'தொடங்கவில்லை' என்று எழுதிவிட்டார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்த எறிதல் அது. காகிதத்தில் இல்லை.

செவித்திறன் குறைந்த ஒரு நண்பரையும் அடுத்த பாரா சுக்மாவுக்குத் தயார் செய்வதாக எழுதியிருந்தீர்கள். போட்டி விதியை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பாராலிம்பிக்கில் செவித்திறன் குறைபாட்டுக்கு வகை கிடையாது. அவர்களுடைய அனைத்துலகப் பாதை டெப்லிம்பிக்ஸ். அதற்குத் தனி அமைப்பு இருக்கிறது. தப்பான கதவைத் தட்டி அவருக்கு இரண்டு வருஷம் வீணாக வேண்டாம்.

2008 சட்டத்தின் கை எவ்வளவு நீளம்

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, சட்டம் எண் 685. அதன் 32-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டில் பங்கேற்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்கிறது. நல்ல வாசகம். ஆனால் பரிசுத் தொகை பற்றி அதில் பேச்சில்லை. அதைவிடப் பெரிய குறை, மீறினால் தண்டனை என்று இந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு 41-ஆம் பிரிவு, நல்லெண்ணத்தில் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அரசு மீது வழக்குத் தொடுக்க முடியாதபடி பாதுகாப்புக் கொடுக்கிறது. இதைத் திருத்த வேண்டும் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. நானும் அந்தப் பக்கம்தான். பல் இல்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு "உரிமை உண்டு" என்று சொல்லும்போது, சொல்கிற எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அரசியலமைப்பின் 8-ஆம் விதி? 8(1) எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. ஆனால் பாகுபாடு கூடாது என்று 8(2) அடுக்கும் பட்டியலில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் இருக்கின்றன, உடற்குறை இல்லை. ஐநா மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையை மலேசியா 2010-ல் ஏற்றுக்கொண்டது, அதன் 30-ஆம் விதி விளையாட்டைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் நம் நாட்டில் ஓர் உடன்படிக்கை, உள்நாட்டுச் சட்டமாக ஆக்கப்பட்டால்தான் நீதிமன்றத்தில் நேராகச் செல்லுபடியாகும்.

பொது அமைப்பின் முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்கலாம். முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். நீங்கள் சொல்லும் தேதிகளை வைத்துப் பார்த்தால் அந்தக் கெடு தாண்டிவிட்டது. கெடுவுக்குள் இருந்தாலும், ஊக்கத்தொகைக்காக அந்தச் செலவை இழுத்துப்போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்க மாட்டேன்.

நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு வரி

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்தப் பின்குறிப்பில் நின்றேன். நான்கு பக்கத்தில் சட்டம் உண்மையிலேயே கை கொடுக்கக்கூடிய இடம் அதுதான். நீங்கள் அதைப் பெரிதாக நினைக்கவே இல்லை.

அரசு ஊழியர் நாட்டுக்கோ மாநிலத்துக்கோ விளையாடப் போனால் ஆண்டு விடுப்பில் கழிக்காத பதிவில்லா விடுப்பு என்று ஒன்று உண்டு. தனியார் துறையில் அப்படிக் கட்டாயம் இல்லை. வேலைச் சட்டம் 1955-ல் விளையாட்டு விடுப்பு என்று எதுவும் கிடையாது. ஆக, கம்பெனி யாருக்குமே கொடுக்கவில்லை என்றால் கேட்க வழியில்லை. ஆனால் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதே கம்பெனி, அதே மாதிரி மாநிலப் பிரதிநிதித்துவம், ஒருவருக்குச் சம்பளத்தோடு, உங்களுக்கு ஆண்டு விடுப்பில் வெட்டு. ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 69எஃப் என்ற பிரிவு சேர்ந்திருக்கிறது. வேலையிடத்தில் பாகுபாடு பற்றி ஊழியருக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால், ஆள்பல இலாகாவின் தலைமை இயக்குநர் அதை விசாரித்து உத்தரவு போடலாம். நாம் வழக்கமாக 'லேபர் ஆபீஸ்' என்று சொல்வோமே, அங்கேதான் புகார் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் இல்லாமலே கொடுக்கலாம். உத்தரவை மீறினால் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை அபராதம். காரணம் உங்கள் கைதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்குமே, அது எளிதல்ல. "அவருடைய மேலாளர் வேறு, கோட்டா வேறு" என்று கம்பெனி சொல்லலாம். அதனால் நேராகப் புகாருக்குப் போகாதீர்கள். முதலில் மனிதவளப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல்: இந்தத் தேதிகளில் மாநிலத்தைப் பிரதிநிதித்துப் போனேன், கடிதம் இணைத்திருக்கிறேன், விளையாட்டு விடுப்புக் கொள்கை என்ன, என் விடுப்பைத் திருப்பிச் சேர்க்க முடியுமா. சக ஊழியர் பெயரை இழுக்க வேண்டாம். அவர் உங்களுக்கு எதிரி அல்ல. பதில் எழுத்தில் வரட்டும். பல இடங்களில் இந்த ஒரு மின்னஞ்சலிலேயே விஷயம் முடிந்துவிடும்.

பதிவைக் கையில் எடுங்கள்

ஊக்கத்தொகை விஷயத்துக்கும் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் உங்கள் காகிதங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஐசியில் (அடையாள அட்டையில்) உங்கள் பெயர் அப்பா பெயரோடு, மகன் என்று காட்டும் 'ஏ/எல்' போட்டு இருக்கிறது. போட்டிச் சான்றிதழில் உங்கள் பெயர் மட்டும், அதுவும் ஓர் எழுத்துக் குறைவாக. முடிவுப் பட்டியலில் அப்பா பெயர் குடும்பப் பெயர் மாதிரி முன்னால் வந்திருக்கிறது. மூன்று காகிதத்தில் மூன்று ஆள்! நம் பெயர்களுக்கு இது காலங்காலமாக நடப்பதுதான். நாளைக்குத் தேசிய அணித் தேர்வு, விருதுப் பரிந்துரை, முன்னாள் தேசிய விளையாட்டாளர்களுக்கு உதவும் 'யாகேப்' அறவாரியம் என்று எங்கே போனாலும் இது குறுக்கே நிற்கும். போட்டி ஏற்பாட்டாளருக்கு ஐசி நகலோடு எழுதித் திருத்தம் கேளுங்கள். அப்படியே அதிகாரப்பூர்வ முடிவுப் பட்டியலின் சான்றளித்த நகலையும் உங்கள் வகைப்படுத்தல் தாளையும் வாங்கிவிடுங்கள். அடுத்து, அங்கீகாரமுள்ள போட்டி எப்போது என்று மலேசியப் பாராலிம்பிக் மன்றத்திடமோ மாநிலப் பாரா அமைப்பிடமோ கேட்டு, அந்த வேகத்தை அங்கே ஓடிக் காட்டுங்கள். கைக்கடிகாரத்தில் வந்த நேரத்துக்காகச் சண்டை போடும் மாதங்களில் அதை இன்னொரு முறை ஓடிவிடலாம்.

பிறகு ஊக்கத்தொகை கொடுத்த அந்த அமைப்புக்கு ஒரு கடிதம். "எனக்குக் குறைத்துக் கொடுத்தீர்கள்" என்று தொடங்காமல், "பரிசு அளவுகோலைத் தாருங்கள்" என்று தொடங்குங்கள். பணம் பினாங்கு மாநில நிதியிலிருந்து வந்திருந்தால் உங்களுக்குக் கூடுதல் ஆயுதம் ஒன்று உண்டு: பினாங்கில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. மாநில இலாகாவிடம், இந்த அளவுகோல் எந்தத் தீர்மானத்தில் வந்தது, அந்தத் தாளைக் கொடுங்கள் என்று விண்ணப்பிக்கலாம். சிலாங்கூரிலும் இப்படி ஒரு சட்டம் உண்டு. பதிவு பெற்ற விளையாட்டு அமைப்பாக இருந்தால், விளையாட்டு மேம்பாட்டுச் சட்டம் 1997-இன்படி உட்பூசலைத் தீர்க்க அதற்கென்று ஒரு நடைமுறை இருக்க வேண்டும்; முதலில் அதன் வழியே போங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் சுஹாகாம், அதாவது மனித உரிமை ஆணையம். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. அவர்களால் தீர்ப்பு எழுத முடியாது, ஆனால் அவர்களிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் எந்த அமைப்பும் அதைக் குப்பையில் போடாது. நீங்கள் எழுதும் இந்தக் கடிதங்களில்தான் 32-ஆம் பிரிவையும் ஐநா உடன்படிக்கையையும் காட்டுங்கள். நீதிமன்றத்தில் நிற்காதது மேசையில் நிற்கும். ரியோவுக்குப் பிறகு பரிசு சமமானதுகூட வழக்குப் போட்டு வந்ததல்ல.

முகநூல் வேண்டாம், இப்போதைக்கு

நடந்ததை எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய வரைவில் "பணத்தைத் தின்றுவிட்டார்கள்" என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சான்று உங்களிடம் இல்லை. அவதூறு வழக்கு வரலாம். தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் போலீஸ் புகாரும் வரலாம். அப்போது நீங்கள் கேட்ட நியாயம் பின்னால் போய், நீங்கள் எழுதிய சொல் முன்னால் வந்து நிற்கும். அந்த வரைவை அழித்துவிடுங்கள்.

அந்தச் சங்கத்துக்கு மட்டும் நேரில் போங்கள் என்று சொல்வேன். அவர்கள் அரசு அல்ல, நம் ஆட்கள். உட்கார்ந்து பேசினால் கேட்பார்கள். அடுத்த விழாவுக்கு அவர்களுக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள்: பெயர், 400 மீட்டர், டி47, நேரம், இடம், எந்தப் போட்டி. மேடையில் இதை மட்டும் படித்தால் போதும், மற்ற விளையாட்டாளருக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே எனக்கும் கொடுங்கள் என்று சொல்லுங்கள். தலைவரிடம் தனியாகச் சொல்லச் சங்கடமாக இருந்தால் பயிற்றுநரைக் கூட அழைத்துப் போங்கள்.

மனிதவளப் பிரிவுக்கு எழுதும் மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். வகைப்படுத்தல் தாள் கிடைத்ததும் அதையும் அனுப்பி வையுங்கள் தம்பி.